சந்துக்குள் இரண்டு சாரட்டு

எதிர்முனையில் மணி அடித்தது.

மணி அடித்தால் நிற்க வேண்டும். அதுதான் அந்தச் சந்தின் சட்டம். இரண்டு பக்கமும் உயரமான கல் சுவர். நடுவில் ஒரே ஒரு சாரட்டு போகும் அகலம். முனைக்கு ஒரு காவலாள், ஆளுக்கு ஒரு மணி. அந்தப் பக்கம் வண்டி நுழைந்தால் அந்தப் பக்க மணி அடிக்கும். இந்தப் பக்க வண்டி காத்திருக்கும்.

சாரட்டோட்டி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். மேட்டு மாளிகையில் அவனை மொட்டை என்பார்கள். தலை நிறைய முடி இருந்த காலத்தில் வைத்த பெயர். பிற்பாடு தலைதான் பெயருக்குக் கட்டுப்பட்டது.

"எதிர்மணி அடிச்சிருச்சு சின்னம்மா. நிக்கலாம்."

வண்டிக்குள் இருந்தவள் மேட்டு மாளிகையின் இளைய மகள். பக்கத்தில் அவள் அப்பாவின் தங்கை. சின்னவள் தன் கையுறையின் பொத்தானைத் திருகிக்கொண்டே, ஏதோ வானிலை விசாரிப்பது போல் கேட்டாள்.

"ஆத்து மாளிகைக்காரங்க மணியா அத்தை அது?"

"வேற யாரு? அவங்களேதான்."

"அப்போ அவங்களுக்காக நாம நிக்கணுமா?"

அத்தையின் முதுகு நிமிர்ந்தது. "நாமளா? அவங்க மணிக்கா? டேய் மொட்டை, வண்டியை உள்ளே விடு."

"பெரியம்மா, சட்டம்னு ஒண்ணு..."

"சட்டத்தை நான் பாத்துக்கறேன். நீ குதிரையைப் பாரு."

சாரட்டு சந்துக்குள் நுழைந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி, அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள். முதல் காய் நகர்ந்துவிட்டது.

சந்தின் மறுகோடியைத் தாண்டினால் துறைமுகம். அங்கே ஒரு கப்பல் அவளுக்காகப் பாய் விரிக்கத் தயாராக இருந்தது. கடலுக்கு அப்பால் ஒரு பிரபு. இரண்டு மனைவிகளை அடக்கம் செய்துவிட்டு மூன்றாவதுக்கு ஆள் தேடியவர். இந்தக் கப்பலில் பெண் வரவில்லை என்றால் வேறு வீட்டில் கேட்டுக்கொள்வதாகக் கறாராகச் சொல்லியிருந்தார். அவருடைய தம்பிதான் தலைமை நீதிபதி. இந்தச் சந்து யாருக்குச் சொந்தம் என்று இரண்டு மாளிகைகளும் நடத்தும் வழக்கு அந்தத் தம்பியின் மேசைக்குத்தான் கடைசியில் போகும்.

ஆக, ஒரு சந்துக்கு ஒரு பெண். அப்பாவுக்குக் கணக்கு சரியாக இருந்தது.

அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "வாக்கு கொடுத்தாச்சும்மா" என்றார் அப்பா. மேட்டு மாளிகை கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்காது. அந்தப் பூட்டைத் திறக்க அவளிடம் சாவி இல்லை. அதனால் அதைவிடப் பெரிய பூட்டாக ஒன்றைத் தேடினாள். கிடைத்தது. மாளிகை வீம்பு.

தினமும் காலையில் இந்நேரம் ஆற்று மாளிகையின் வாரிசு நகரசபைக்கு இந்த வழியாகத்தான் வருவான், ஊருக்கே தெரியும். காலையில் அவள் கையுறையைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கியது, புறப்பாட்டை இந்நேரத்துக்குத் தள்ளத்தான். கையுறை அவள் சட்டைக்குள்ளேயே இருந்தது. இரண்டு வண்டிகளும் நடுச்சந்தில் முட்டிக்கொண்டால் போதும். இரண்டில் எதுவும் பின்னால் போகாது. கப்பல் போய்விடும்.

முட்டிக்கொண்டன.

குதிரைகளின் மூக்கும் மூக்கும் உரசும் தூரத்தில் மொட்டை நிறுத்தினான். எதிர் வண்டியின் ஓட்டி, ஆற்று மாளிகை நெட்டை, அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். மொட்டையின் மனைவி இந்த நெட்டையின் தங்கை. வேலை நேரத்தில் உறவு கிடையாது என்பது மாளிகை உத்தரவு; ஆகையால் உதட்டை அசைக்காமல் பேசிக்கொண்டார்கள்.

"என்ன மாப்ளே, மணி கேக்கலையா?"

"எனக்குக் கேட்டுச்சு மச்சான். உள்ளே இருக்கறவங்களுக்குத்தான் காது அடைப்பு."

வண்டிக் கதவுகளைத் திறக்க வழியில்லை. அரை அடி திறந்தால் சுவர் இடிக்கும். ஒல்லியான ஆள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான் இடம். மேல்மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஊருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஏனென்றால் இதே இடத்தில் முன்பொரு முறை இது நடந்திருக்கிறது.

அப்போது வண்டிகளில் இருந்தவர்கள் தாத்தாக்கள். நீ போ, நான் போகமாட்டேன் என்று பொழுதெல்லாம் நின்றார்கள். ஏணி வைத்துச் சாப்பாடு வந்தது. கடைசியில் வாள் வந்தது. ஆற்று மாளிகைத் தாத்தாவுக்கு ஒரு கை போயிற்று. மேட்டு மாளிகைத் தாத்தாவுக்கு உயிர். அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தங்கள் வேலைக்காரரிடம் சொல்வார்கள். அவர் எதிராளியின் வேலைக்காரரிடம் சொல்வார். அவர் தன் எஜமானிடம் சொல்வார். பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான்.

அத்தை முன்பக்கத்துச் சின்னப் பலகைக் கதவைத் திறந்தாள். ஓட்டியின் முதுகைத் தொட்டுப் பேசுவதற்கான திறப்பு அது. "அந்த ஆளை வண்டியைப் பின்னால எடுக்கச் சொல்லு."

மொட்டை தொண்டையைச் செருமினான். "எங்க பெரியம்மா, உங்க சின்னையாவை வண்டியைப் பின்னால எடுக்கச் சொல்றாங்க."

நெட்டை குனிந்து தன் திறப்பில் காதை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "எங்க சின்னையா உங்க பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்றாரு. மணி எங்களுதுதான் முதல்ல அடிச்சதாம்."

"வணக்கத்தை அவனையே வச்சுக்கச் சொல்லு."

"வணக்கத்தை நீங்களே வச்சுக்கணுமாம்."

"எங்ககிட்ட நிறைய இருக்காம். பரவாயில்லையாம்."

எல்லோர் காதிலும் எல்லாமே விழுந்தது. விழாத மாதிரி இருப்பதுதான் மரியாதை.

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிர் வண்டிக்குள்ளிருந்து கேட்ட வாரிசின் குரலை அவள் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறாள். அவளிடம் பேசியதல்ல, அவன் வக்கீலின் காதில் முணுமுணுத்தது. அப்பாவுக்குக் காலில் வாதம் வந்ததிலிருந்து, சந்து வழக்கு நடக்கும் நாட்களில் மேட்டு மாளிகை சார்பில் போய் உட்காருபவள் அவள்தான். எதிர் பெஞ்சில் அவன். முதல் நாள் முறைத்துக்கொண்டார்கள். அடுத்த வாய்தாவில் அவள் முகத்தில் வெயில் விழுந்தது. அவன் எழுந்துபோய், தனக்குக் கண் கூசுவதாகச் சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயிலே இல்லை. அதற்கடுத்த வாய்தாவுக்கு அவள் நல்ல உடை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

அப்படியே வாய்தா வாய்தாவாக வளர்ந்தது. ஊரில் மற்றவர்கள் வாய்தாவால் மெலிந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் அதில் தேறினார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போன முறை அவன் பக்கம் ஜெயிக்கிற நிலையில், அவன் தன் வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான். வக்கீல் திருதிருவென்று விழித்துவிட்டு மறுபடியும் வாய்தா கேட்டார். அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

துறைமுகத்திலிருந்து பீரங்கி வெடித்தது. முதல் குண்டு. பயணிகள் ஏறிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இரண்டாவது வெடித்தால் கப்பல் நங்கூரம் எடுத்துவிடும்.

அத்தைக்கு வியர்த்தது. மணியைப் பற்றி யோசித்தவள் கப்பலைப் பற்றி இப்போதுதான் யோசித்தாள். திறப்பில் தலையை நீட்டினாள்.

"டேய், சொல்லு அவன்கிட்ட. எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கா. கப்பல் காத்துக்கிட்டிருக்கு. இதுல வீம்பு பிடிக்கிறது ஆம்பிளைக்கு அழகில்லைன்னு சொல்லு."

சின்னவளின் விரல்கள் நின்றன. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

மொட்டை சொன்னான். நெட்டை குனிந்து சொன்னான். சொல்லிவிட்டும் குனிந்தபடியே இருந்தான்.

"சின்னையா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்கம்மா என்னை லாயத்துக்குள்ளகூட விடமாட்டாங்க," என்று அவன் கெஞ்சுவது கேட்டது. பிறகு மெதுவாக நிமிர்ந்தான். அவன் குரலில் இருந்த நக்கல் முழுக்க வடிந்துபோயிருந்தது.

"எங்க சின்னையா சொல்றாரு. கல்யாணத்துக்குப் போற பொண்ணு வழியில நிக்கக் கூடாதாம். நாங்க பின்னால போறோமாம்." கடிவாளத்தைக் கையில் எடுத்தான். "அப்புறம், அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு சொல்லச் சொன்னாரு."

மேலே ஜன்னல்களில் தலைகள் இன்னும் வெளியே நீண்டன.

"அப்படி வழிக்கு வாங்க," என்று அத்தை சாய்ந்து உட்கார்ந்தாள்.

சின்னவள் எதிர் வண்டியையே பார்த்தாள். தன் தாத்தா ஒரு கையைக் கொடுத்துக் காப்பாற்றிய மானத்தை இந்தப் பைத்தியக்காரன் அவளுக்காகத் தூக்கிக் கொடுக்கிறான். நாளை நகரசபையில் சிரிப்பார்கள். பெற்ற தாய் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தெரிந்தே கொடுக்கிறான். கொடுப்பதால் அவள் கப்பல் ஏறியாக வேண்டும்.

இதைவிட அழகாக யாரும் யாரையும் கெடுத்ததில்லை.

எதிரே சக்கரங்கள் முனகின. நெட்டை குதிரைகளைப் பின்னடி வைக்கப் பழக்கியதே இல்லை. அவை கண்ணை உருட்டிக்கொண்டு, கல்லில் லாடம் தேய, ஒரு அடி பின்னால் போயின.

"மொட்டை, போக வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லு."

"என்ன உளர்றே?" என்றாள் அத்தை. "டேய், வாயைத் திறந்தே, இன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சிரும்."

மொட்டையின் வாய் திறந்தது, மூடியது.

எதிர் வண்டி இன்னும் ஒரு அடி நகர்ந்தது.

சின்னவள் எழுந்தாள். பலகைக் கதவை விரியத் தள்ளினாள். அது தலையை நீட்டுவதற்காகச் செய்த திறப்பு, பெண்கள் ஏறி வெளியே போவதற்கல்ல. தோளை நுழைத்தாள், முழங்காலை ஊன்றினாள், எங்கோ பட்டு கிழிந்தது. அத்தை அவள் அங்கியின் விளிம்பை எட்டிப் பிடித்தாள். அதையும் இழுத்துக்கொண்டு, மொட்டையின் தோளைப் பிடித்து, ஓட்டி இருக்கையில் ஏறி நின்றாள்.

"நிறுத்துங்க. பின்னால போகாதீங்க."

சொன்னது மொட்டையிடம் அல்ல. நெட்டையிடமும் அல்ல.

குதிரைகள்கூட நின்றன. எதிர்த் திறப்பில் ஒரு தலை தெரிந்தது. அவசரத்தில் பலகையில் இடித்துக்கொண்டது. நெற்றியைத் தேய்த்தபடி அவனும் தன் ஓட்டி இருக்கைக்கு ஏறினான். நெட்டை ஒதுங்கி இடம் கொடுத்தான்.

"என்கிட்டயா பேசறீங்க?"

"பின்னே குதிரைகிட்டயா?"

அவன் குதிரைகளை ஒருமுறை பார்த்தான். "இல்ல, கப்பல் போயிடுமே."

"போகட்டும்னுதான் மணி அடிச்சப்புறமும் உள்ளே வந்தேன்."

மாளிகை வாரிசுகளுக்கு வீரம் சீக்கிரம் வரும். விஷயம் மெதுவாகத்தான் பிடிபடும். அவன் முகத்தில் அது பிடிபடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ, அந்தக் கல்யாணம்?"

"எனக்கு வேண்டாம்."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். நான் பேசினா எங்க வீட்ல யாருக்கும் கேக்காது. வண்டி நின்னாத்தான் கேக்கும்."

அவன் கீழே பார்த்தான். "நான் பின்னால போயிருந்தா உங்களை நானே அனுப்பி வச்ச மாதிரி ஆயிருக்கும்."

"ஆமா. ரொம்ப நல்லவர் நீங்க. அதான் பயந்துட்டேன்."

"போன வாய்தாவுல," என்று ஆரம்பித்து நிறுத்தினான். காது சிவந்திருந்தது. "எங்க வக்கீல் அங்கியைப் பிடிச்சு..."

"இழுத்தீங்க. பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"அதுக்கு முந்தின வாய்தாவுல எங்க வக்கீலுக்கு வயித்து வலின்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அவருக்கு ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி இருந்தாரு. நான்தான் வயித்தைப் பிடிச்சுக்கச் சொன்னேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும். குதிரைகளின் தலைக்கு மேலே, இரண்டு சாரட்டு உயரத்தில், ஊர் பார்க்க, அந்த இரண்டு குடும்பங்களும் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தன.

"மொட்டை."

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்கு மொட்டை இருந்த இடத்திலேயே பாதியாகக் குறுகினான். சின்னவள் திரும்பினாள். வண்டிக் கூரைக்கு அப்பால், இரண்டு ஆட்கள் தூக்கிவந்த நாற்காலியில் அவள் அப்பா. காவலாள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். வாதம் பிடித்த கால் துணி சுற்றிய பொதியாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மகளைப் பார்த்தார். எதிரே நின்றவனைப் பார்க்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வண்டியைப் பின்னால எடு. ஆத்தோரச் சாலையில சுத்திப் போனா இன்னும் நேரம் இருக்கு."

எல்லாவற்றையும் யோசித்த சின்னவள் இதை யோசிக்கவில்லை. வழக்கில் ஜெயித்துச் சந்து முழுக்கத் தனக்கே ஆகப்போகிறது என்றால், அப்பா இன்று ஒரு நாள் அதில் பின்வாங்கத் தயார்.

"அப்பா."

"உள்ளே இறங்கி உக்காரும்மா. விழுந்துடுவே."

அவர் அதட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மொட்டை கடிவாளத்தைக் கையில் சுற்றினான். எதிர் வண்டியில் நின்றவன் ஒரு காலை முன்னால் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எடுக்காதே மொட்டை."

"என்ன?" என்றார் அப்பா.

"நான் உள்ளே இருக்கற வண்டி பின்னால போகாது அண்ணா."

"அப்போ இறங்கு."

"கதவு திறக்காது. இவளை மாதிரி அந்தப் பொந்துல நுழையற உடம்பா எனக்கு?"

"கப்பல் போயிடும். புரிஞ்சுதான் பேசறியா?"

"நம்ம அப்பா இந்தக் கல்லுலதான் விழுந்தாரு. பின்னால போயிருந்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பாரு. அவர் போகல. இப்போ நீ போன்னா, அவர் எதுக்கு அண்ணா செத்தாரு?"

அண்ணன் குனிந்து அந்தக் கல்தரையைப் பார்த்தார்.

மொட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "ரெண்டு பேரும் எனக்கு எஜமானுங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"நீ என் தங்கச்சி பேச்சைத் தவிர யார் பேச்சைக் கேட்டிருக்கே?" என்றான் நெட்டை, இம்முறை உதட்டை அசைத்தே.

ஜன்னல்களில் யாரோ சிரித்தார்கள். மொட்டை கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

இவ்வளவு நேரமும் சின்னவளின் அங்கி விளிம்பு அத்தையின் பிடியில்தான் இருந்தது. இப்போது அந்தக் கை தளர்ந்து திறந்தது. சற்று நேரத்தில் திறப்பு வழியாக ஒரு சால்வை மேலே வந்தது.

"காத்து அடிக்குது. போத்திக்கோ," என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "வயித்து வலியாம். அந்த வக்கீலுக்கு நான் கஷாயம் வேற அனுப்பினேன்டி."

அத்தை பின்வாங்க மறுத்தது வீம்பா, வேறொன்றா என்று சின்னவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சால்வையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது குண்டு வெடித்தது.

கூரைகளிலிருந்து புறாக்கள் கிளம்பி, ஒரு சுற்று சுற்றி, மறுபடி உட்கார்ந்தன. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலியில் முகம் வெளுத்தது. வேகமாகத் தூக்கிவந்ததில் அந்தக் கால் வழியெல்லாம் இடிபட்டிருந்தது. நாக்கால் உதட்டைத் தடவினார்.

"தண்ணி இருக்கா?"

தூக்கிவந்தவர்கள் கையை விரித்தார்கள். மொட்டையின் இருக்கையடியில் குதிரைக்கு வைத்த வாளிதான் இருந்தது. அவர் நிமிர்ந்து, வண்டிக் கூரைக்கு மேலாக, வலியில் யாரிடம் கேட்கிறோம் என்று யோசிக்காமலே கேட்டுவிட்டார்:

"தம்பி, உங்க வண்டியில தண்ணி இருக்கா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவன் அதற்குள் உள்ளே கையை விட்டு ஒரு குடுவையை எடுத்துவிட்டான். கீழே குதித்தான். குதிரைகளைத் தட்டிக்கொடுத்து, சுவருக்கும் மேட்டு மாளிகை வண்டிக்கும் நடுவில் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, குடுவையைத் தலைக்கு மேலே பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்தான். பாதி வழியில் அத்தையின் ஜன்னல். மூக்குக்கு மூக்கு வந்துவிட்டது.

"வணக்கம்," என்றான் அவன், வேறு வழியில்லாமல்.

அத்தை அவனை உற்றுப் பார்த்தாள். "இந்த இடுக்குல நுழையற அளவுக்கு இளைச்சிருக்கியே. உங்க வீட்ல சோறு போடறதில்லையா?"

"போடறாங்க. கோர்ட்டு நாள்ல மட்டும் இறங்காது."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவன் நாற்காலி அருகே மண்டியிட்டுக் குடுவையைத் திறந்து கொடுத்தான். மேல்சட்டை முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. அப்பா குடித்தார். நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார்.

"அவருக்கு வாக்கு கொடுத்துட்டேன்," என்றார், பொதுவாக.

"ஆமாங்க."

"இனிமே அவர் முகத்துல எப்படி முழிக்கறது? கேஸும் போச்சு."

"கேஸ் எங்க போகுது? எங்க பக்கம் வாய்தா வாங்கறதுக்கு நான் இருக்கேன்."

அப்பா அவனை நேராகப் பார்த்தார். அருகில் பார்ப்பது இதுதான் முதல்முறை. பிறகு தலையைத் தூக்கி, ஓட்டி இருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தார். கிழிந்த பட்டு, கலைந்த தலை. அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் பிடிவாதம் பிடிக்கும்போது பார்ப்பது போல.

"காலையிலேர்ந்து அவ ஒண்ணும் சாப்பிடல," என்றார். "கையுறையைக் காணோம்னு தேடிக்கிட்டே இருந்தா. நானும் சேர்ந்து கட்டிலுக்கடியில எல்லாம் தேடினேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு."

அவன் குடுவையை மூடினான்.

"அதை மூடாதே. அவளுக்கும் கொடு." அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கு வீட்டுக்கு வா. பேசணும். வண்டியில வராதே, நடந்தே வா."

அவன் திரும்பவும் சுவரை உரசிக்கொண்டு நகர்ந்தான். சின்னவள் ஓட்டி இருக்கையில் குனிந்து கையை நீட்டினாள். குடுவையை வாங்கியபோது அவன் விரல்கள் அதை உடனே விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. மொட்டைக்கும் நெட்டைக்கும் அந்த நேரம் பார்த்துக் குதிரைகளிடம் ஏகப்பட்ட வேலை இருந்தது.